கம்பி தெரியக் கூடாது

ஹைதராபாத் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜோசியா எடுத்த பாஸ்போர்ட் போட்டோவை இதுவரை எந்த ஆபீசும் திருப்பி அனுப்பியதில்லை. காது இரண்டும் தெரியும். நெற்றியில் வெளிச்சம் பளபளக்காது. சிரிப்பு உதட்டுக்கு வந்து சேருமுன் பொத்தானை அழுத்திவிடுவார். அந்த வட்டாரத்தில் அவருக்கு இருந்த நல்ல பெயர் அது ஒன்றுதான். அதுதான் அவரைக் கொண்டுபோய்ப் புலியிடம் விட்டது.

ஊரெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பெரிய ஜூ வேறு. அந்தப் புலி இருந்தது மௌலா அலிக்கு அப்பால் இருக்கும் சின்ன ஜூவில். முதலில் மாநில விலங்குக் காட்சி வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதற்குத் தலைவர், உறுப்பினர்கள், கார்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று மிருகங்களை வரவழைத்தார்கள். ஜூவை நிர்வகிக்கும் கியூரேட்டர் சாரங்கபாணி, வேலூர்க்காரர். அவருடைய பாஸ்போர்ட் படம் இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாம் தடவை ஜோசியா எடுத்ததுதான் செல்லுபடியானது. அந்த நன்றியில் ஒருநாள் அவரே ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் மூஞ்சியையே பாஸ் பண்ண வச்சவர் நீங்க. உங்களுக்கு நீர்யானை ஒரு விஷயமா?" என்றார்.

வாரியத்தின் ஆண்டு விழாவுக்கு மிருகங்களின் உருவப்படங்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறார்களாம். பெரிய பெரிய படங்கள். ஒவ்வொன்றின் கீழேயும் எடுத்தவர் பெயர்.

கடைசியாகச் சொன்னதில்தான் ஜோசியா விழுந்தார். இத்தனை வருஷமாக அவர் எடுத்த முகங்கள் எல்லாம் பசை தடவி விண்ணப்பங்களில் ஒட்டப்பட்டு, மேலே சீலும் குத்தப்பட்டிருந்தன. எடுத்தவன் யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் சாரங்கபாணி. "கம்பி தெரியக் கூடாது. நம்மளது கூண்டில்லாத ஜூ."

"கூண்டு இருக்கே சார், நான் பாத்திருக்கேன்லா?"

"இருக்கு. ஆனா கொள்கை அளவுல இல்லை."

முதல் வாரத்திலேயே ஜோசியாவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அவர் எடுக்கும் ஒவ்வொரு படமும் முகபாவக் குழு என்று ஒன்றின் முன்னால் போய் நின்றது. மிருகங்கள் மகிழ்ச்சியாகவும், அதே சமயம் அரசாங்கத்துக்கு அடங்கியும் காணப்படுகின்றனவா என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. நீர்யானை வாயைப் பிளந்திருந்த படம் திரும்பி வந்தது, கோரிக்கை வைப்பதுபோல் இருக்கிறதாம். சிம்பன்சி இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்த படமும் வந்தது, மனுக் கொடுப்பதுபோல் இருக்கிறதாம். யானையின் சங்கிலி தெரியக் கூடாது என்றார்கள். சங்கிலி தெரியாமல் எடுத்துக் கொடுத்தார். யானைக்குக் கால் எங்கே என்று விளக்கம் கேட்டார்கள்.

மயில் மட்டும் ஒரே தடவையில் தேறியது. குழுவின் தலைவருக்கு அந்தப் பார்வையைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்ததாம்.

மிச்சம் இருந்தது சுவேச்சா. தெலுங்கில் சுதந்திரம் என்று அர்த்தம். பெயர்சூட்டும் குழு வைத்த பெயர். அவள்தான் அந்த ஜூவின் ஒரே புலி. முன்னால் அகழி, சுற்றிலும் கம்பிவலை, நடுவே புல்தரை. பின்னால் அவள் படுப்பதற்கு ஒரு கல் அறை. அறைக்கும் புல்தரைக்கும் நடுவே சங்கிலியால் ஏற்றி இறக்கும் இரும்புக் கதவு. ஜோசியா எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் புலிக்குப் பின்னால் வலை தெரிந்தது. வலை தெரியாத கோணம் ஒன்றே ஒன்றுதான். அது புல்தரையின் நடுவில் இருந்தது.

அதையும் ஒரு கூட்டம் போட்டுத் தீர்த்தார்கள். சாரங்கபாணி எழுந்து நின்று பேசினார்.

"கம்பிக்கு ரெண்டு பக்கம் இருக்குங்கறதை நாம மறந்துட்டோம். மிருகங்களை ஊர் மாத்தறதுக்கு நம்மகிட்ட ஒரு இரும்புக் கூண்டு சும்மா கிடக்கு. அதைப் புல்தரை நடுவுல வைப்போம். ஜோசியா சார் உள்ளே இருப்பார். புலி வெளியே இருக்கும். கம்பி இடுக்குல லென்ஸை நீட்டி எடுத்தா படத்துல ஒரு கம்பி தெரியாது. கொள்கையும் காப்பாத்தப்படுது, ஜோசியா சாரும் காப்பாத்தப்படுறார்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அந்த வரிசையில," என்று சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஜோசியாவும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் படத்துக்குக் கீழே பெயர் என்கிற நினைப்பு அவர் வாயை அடைத்துவிட்டது. வீட்டில் மனைவி பெர்சிஸிடம், "திங்கட்கிழமை புலியை எடுக்கப் போறேன்," என்று மட்டும் சொன்னார். எங்கே இருந்து எடுக்கப் போகிறார் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஜூவுக்கு விடுமுறை. காலையில் டிராக்டர் கூண்டை இழுத்து வந்து புல்தரையில் வைத்துவிட்டுப் போனது. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். மேலே தூக்கி இறக்குகிற கதவு. அதற்குக் கொண்டி வெளிப்பக்கம். பூட்டு எங்கோ தொலைந்துவிட்டதாம். ஜோசியா உள்ளே நுழைந்ததும் கொண்டியில் ஒரு இரும்பு ஆணியைச் செருகி வைத்தார் அப்துல் காதர். அவர்தான் புலிக்குக் காவலாள், ஆம்பூர்க்காரர்.

"ஆணி கழண்டு வந்துடாதே பாய்?"

"நக்கோ ஸாப், பயமே வாணாம். போன தபா இதுல ஒரு கழுதைப்புலி போச்சு. ஒண்ணும் ஆவல."

"கழுதைப்புலி உள்ளே இருந்துச்சு. வெளியே இருந்து ஆணியைத் தட்டுறதுக்கு யாரும் இல்லையே?"

அப்துல் காதர் இதை யோசித்துப் பார்த்தார். "ஹவ், அது கரெக்ட்தான்," என்று ஒப்புக்கொண்டுவிட்டு வேகமாக நடந்து வெளியே போனார்.

சற்று நேரத்தில் சங்கிலி கடகடத்தது. கல் அறையின் கதவு மேலே ஏறியது.

சுவேச்சா உடனே வந்துவிடவில்லை. தலையை மட்டும் நீட்டி, புல்தரையில் புதிதாக முளைத்திருந்ததைப் பார்த்தாள். பிறகு தோள் வந்தது, முதுகு வந்தது. ஜோசியாவுக்கு உள்ளங்கை வியர்த்து காமிரா வழுக்கியது. அவள் சுற்றி வந்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. சுற்று வரவரச் சிறியதானது. பிறகு அவருக்கு நேர் எதிரே, வேப்பமர நிழலும் வெயிலும் சந்திக்கிற இடத்தில் நின்று, அவர் கண்ணைப் பார்த்தாள்.

ஆயிரக்கணக்கான பேரிடம் "லென்ஸைப் பாருங்க, லென்ஸைப் பாருங்க" என்று கெஞ்சியவர் அவர். இவளிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பயத்தையும் மீறி அவர் கை அதன் வேலையைச் செய்தது. கிளிக் சத்தம் கேட்டு அவள் காது மட்டும் ஒருமுறை திரும்பியது. தன் ஆயுசில் எடுத்த நல்ல படம் இதுதான் என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

"ஆச்சு சார்! உள்ளே கூப்பிடுங்க!" என்று அகழிக்கு அந்தப் பக்கம் நின்ற சாரங்கபாணியைப் பார்த்துக் கத்தினார்.

சாரங்கபாணி அப்துல் காதரைப் பார்த்தார். அப்துல் காதர் தரையைப் பார்த்தார்.

"கறி வச்சாதான் ஸாப் உள்ளே போவும். இன்னிக்கி திங்கள்கெயம. புலிக்கு உபவாசம்."

வாரத்தில் ஒருநாள் மாமிச மிருகங்களைப் பட்டினி போடுவது எல்லா ஜூவிலும் உள்ள வழக்கம். வயிற்றுக்கு நல்லது. ஜனம் வராத நாள் வசதி என்று வாரியம் திங்கட்கிழமையை வைத்திருந்தது. அதே வசதிக்காகத்தான் படம் எடுக்கவும் திங்கட்கிழமையைக் குறித்திருந்தார்கள். இரண்டும் ஒரே நாள் என்பதை இரண்டு குழுக்களும் தனித்தனியாகக் கவனித்துப் பாராட்டியிருந்தன.

"அப்ப கறி போடுங்க சார்!"

"உபவாசத்தை மீற வாரியத்தோட எம்.டி. உத்தரவு வேணும் ஜோசியா. அவர் டெல்லியில விலங்கு நல மாநாட்டுல இருக்கார். பதறாதீங்க."

"நான் போன தபா ஒரே ஒரு எலும்பு போட்டதுக்கு மெமோ குடுத்தாங்கோ," என்று அப்துல் காதர் யாரிடமென்றில்லாமல் சொன்னார்.

சுவேச்சா இதற்குள் கூண்டருகே வந்துவிட்டாள். மூக்கைக் கம்பியில் வைத்து மூச்சை இழுத்தாள். காலையில் பெர்சிஸ் கொடுத்த முட்டை தோசையின் வாசனை அவர் சட்டையில் இருந்திருக்க வேண்டும். முன்னங்காலைத் தூக்கிக் கதவைத் தட்டினாள். சும்மா, பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவதுபோல். கூண்டு முழுவதும் அதிர்ந்தது. கொண்டியில் இருந்த ஆணி ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது.

ஜோசியா அதைப் பார்த்தார். சுவேச்சா பார்க்கவில்லை என்று நம்ப விரும்பினார்.

காமிராவின் தோள்பட்டை வாரைக் கழற்றிக் கதவின் அடிக்கம்பியையும் கூண்டின் தரைக்கம்பியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. கட்டி முடித்து இரண்டு காலையும் கதவில் ஊன்றிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மிருக வைத்தியர் டாக்டர் சுபாஸ்ரீ வந்து சேர்ந்தாள். லோத்குண்டாவில் வளர்ந்த தமிழ்ப் பெண், மரியாதை தெரிந்தவள்.

"அங்கிள், ஆர் யூ ஓகே? தயவுசெய்து சத்தம் போடாதீங்க. அவ ஸ்ட்ரெஸ் ஆயிடுவா."

"அம்மா, மயக்க ஊசி ஒண்ணு போட்டுரும்மா!"

"போடணும்னா மெடிக்கல் ரீசன் வேணும் அங்கிள். அவ ரொம்ப ஹெல்தி."

"எனக்காகப் போடும்மா! இங்க ஆணி கழலுது!"

சுபாஸ்ரீ சங்கடத்துடன் கையைப் பிசைந்தாள். "அதையும் வனவிலங்குச் சட்டத்துல பார்த்துட்டேன் அங்கிள். சுவேச்சா முதல் ஷெட்யூல், அவளுக்கு முழுப் பாதுகாப்பு இருக்கு. உடும்புகூட இருக்கு. மலைப்பாம்பு இருக்கு. நீங்க எந்த ஷெட்யூல்லயும் இல்லை."

எம்.டி. ஒருவழியாக போனில் கிடைத்தார். சாரங்கபாணி ஸ்பீக்கரில் போட்டு உயரத் தூக்கிப் பிடித்தார், ஜோசியாவுக்கும் கேட்கட்டும் என்று. நிலைமையை முழுக்கக் கேட்டுவிட்டு எம்.டி. மூன்று விஷயம் சொன்னார். புலியின் மனநிலை எக்காரணம் கொண்டும் பாதிக்கப்படக் கூடாது. போட்டோகிராபர் அசையாமல் இருந்து ஒத்துழைக்க வேண்டும். உபவாசம் வாரியம் கூடி எடுத்த முடிவு, தனி மனிதர் எவரும், தான் உள்பட, அதை மாற்ற முடியாது. பிறகு, மனிதனும் மிருகமும் ஒன்றே என்ற தலைப்பில் தான் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

தட்டல் தொடர்ந்தது. இப்போது சுவேச்சா நகத்தைக் கதவுக்கு அடியில் விட்டு நெம்பிப் பார்த்தாள். வார் விறைத்தது. ஜோசியாவின் குதிகாலுக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே ஒரு கம்பியின் கனம்தான் இருந்தது. பைபிளில் சிங்கக் கெபிக்குள் போடப்பட்டவரைக் காக்க ஒரு தேவதூதன் வந்தான் என்பது நினைவுக்கு வந்தது. அவர் போனை எடுத்துப் பெர்சிஸைக் கூப்பிட்டார்.

"ஏங்க, கிளாஸ்ல இருக்கேன். எங்க இருக்கிய?"

"கூண்டுக்குள்ள."

"புலி?"

"வெளிய."

பெர்சிஸ் எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர். இந்தக் கணக்கு அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. வழியில் ஆட்டோவைக் கறிக்கடையில் நிறுத்தி, பெரிய தொடைக்கறி ஒன்றைப் பையோடு வாங்கிக்கொண்டு வந்து அகழிச் சுவரில் முட்டி நின்றாள். கணவரைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் உடைந்தது. உடனே அதைச் சேர்த்துக்கொண்டாள்.

"இந்தாங்க கறி. போட்டுக் கூப்பிடுங்க அதை."

சாரங்கபாணி சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். மிருகங்களுக்கு வெளி உணவு கொடுக்கக் கூடாது என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது.

"மேடம், ஒரு டீச்சர் நீங்களே இதை மீறலாமா?"

"கைக்கு இப்படிப் பேசுதிய?" கோபம் வந்தால் அவளுக்கு 'ஏன்' போய் ஹைதராபாத்தின் 'கைக்கு' தானாக வந்துவிடும். "உள்ள இருக்கறது எம் புருஷன்! அந்தக் கதவு இன்னும் எத்தனை தட்டு தாங்கும்னு நினைக்கிய?"

அவள் குரல் வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை போகிற குரல். சுவேச்சா திரும்பிப் பார்த்தாள். அந்த இடைவெளியில் ஜோசியா முடிச்சை இன்னும் ஒருமுறை இறுக்கினார். வாரின் தையல் ஒரு பக்கம் பிரிய ஆரம்பித்திருந்தது.

சாரங்கபாணி கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. விதிகளை மீறி ஒரு ஆளைக் காப்பாற்ற அவருக்குத் தெரியாது. ஆனால் விதிகளுக்குள் காப்பாற்ற வழியிருந்தால் உயிரைக் கொடுத்துத் தேடுவார். கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தவர் திடீரென்று துள்ளினார்.

"இருக்கு! புதுசா வந்த மிருகத்துக்கு முதல் நாள் உபவாசம் கிடையாது! வந்த அன்னிக்கே ரேஷன் குடுத்தாகணும்! ஜோசியா, உங்களைப் புதுவரவுன்னு பதிஞ்சுடலாமா?"

"கழுதைன்னுகூடப் பதிஞ்சுக்கிடுங்க சார்! சீக்கிரம்!"

"கழுதைக்குப் புல்லுதான் ரேஷன். மாமிசபட்சிணியா இருந்தாத்தான் கறி. நீங்க மாமிசம் சாப்பிடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம!" என்று பெர்சிஸ் கத்தினாள்.

"வைத்தியர் சரிபார்க்கணும். டாக்டர், பல்லைப் பாருங்க."

"அங்கிள், ப்ளீஸ், வாயைத் திறங்க. கொஞ்சம் லெப்ட்ல திரும்புங்க."

ஜோசியா புலியின் முன்னால் வாயைத் திறந்து காட்டினார். இவ்வளவு காலம் மற்றவர்களிடம் முகத்தை இடது பக்கம், வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சுபாஸ்ரீ கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கோரைப்பல் இருக்கிறது, ஒன்று சொத்தை என்றாள். ஆண். நடுவயது. சுபாவம்? "சாது," என்றாள் பெர்சிஸ். 

குளிர்பதன அறை திறந்தது. பெர்சிஸ் வாங்கி வந்த கறி வெளி உணவாகையால் அப்படியே பையில் கிடந்தது. புல்தரைக்குத் தீனி போகும் வழி கல் அறைதான் என்பதால், புதுவரவின் ரேஷனை அப்துல் காதர் அங்கே கொண்டுபோய் வைத்தார்.

வாசனை வந்ததும் சுவேச்சா காலைக் கதவிலிருந்து எடுத்தாள். நடந்தாள். தலை உள்ளே போனது, உடம்பு போனது. அங்கேயே வாசலில் படுத்துத் தின்ன ஆரம்பித்தாள். வால் மட்டும் கதவுக்கு வெளியே கிடந்தது.

"இறக்குங்க பாய்!" என்றாள் பெர்சிஸ்.

"இறக்காதீங்க!" என்றார் சாரங்கபாணி. "வாலும் முதல் ஷெட்யூல்தான்!"

எல்லோரும் அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இந்தப் பக்கம் புரண்டது. அந்தப் பக்கம் புரண்டது. கறி குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்தால் அவள் திரும்பி வருவாள், அடுத்த ரேஷனுக்கு விதி கிடையாது.  கடைசியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. வால் சுழன்று உள்ளே போனது. சங்கிலி அலறியது. கதவு விழுந்தது.

பெர்சிஸ் யாரையும் கேட்கவில்லை. காவலாள் வாசல் வழியே உள்ளே ஓடி, அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்தாள். ஆணி பாதிக்கு மேல் கழன்றுதான் இருந்தது. ஜோசியா வாரின் முடிச்சை அவிழ்த்து, கதவைத் தூக்கி, தவழ்ந்து வெளியே வந்தார். நிமிர்ந்து நிற்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "படம் நல்லா வந்திருக்கு பெர்சிஸ்," என்றார். அவள் அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டு, பிறகு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

படம் குழுவின் முன்னால் போனது. கம்பி ஒன்றுகூடத் தெரியவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். ஆனால் அந்தப் பார்வை எதிரே யாரோ கூண்டில் இருப்பதைப் பார்ப்பதுபோல் இருக்கிறது, நம்முடையது கூண்டில்லாத ஜூ என்று நிராகரித்தார்கள். அந்த இடத்தில் மயிலையே இன்னொரு தடவை மாட்டினார்கள்.

ஜோசியா மறுபடி பாஸ்போர்ட் படங்களுக்குத் திரும்பினார். ஒரு சனிக்கிழமை அவர் யாரோ ஒருவரின் முகவாயை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெர்சிஸ் எடுத்தாள். சாரங்கபாணி.

"மேடம், ஒரு சின்ன சிக்கல். திங்கட்கிழமை டெல்லியிலிருந்து மிருகங்களை எண்ண வராங்க. புதுவரவு ஒண்ணு குறையுது. சார் வந்து ஒரு அரைமணி நேரம் கூண்டுல இருந்தாப் போதும். இந்தத் தடவை பூட்டு இருக்கு."

பெர்சிஸ் கண்ணை மூடித் திறந்தாள்.

"அது செத்துப்போச்சுன்னு எழுதிக்கிடுங்க."

மறுமுனையில் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.  பிறகு, மெய்யான வருத்தத்தோடு அந்தக் குரல்:

"எழுதலாம் மேடம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா போஸ்ட்மார்ட்டம் பண்ணணுமே. பாடி எப்போ அனுப்புவீங்க?"

அவள் போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவள் பேசியதிலிருந்தே ஜோசியாவுக்கு விஷயம் புரிந்திருந்தது. படம் எடுக்க வந்தவரை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து, கடை ஷட்டரை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தப் போனார். பாதி இறங்கியதும், மேலிருந்து இறங்கிய அந்தக் கூண்டுக் கதவு நினைவுக்கு வந்து, கை நின்றது. குனிந்து தெருவுக்கு வந்தார். பெர்சிஸையும் கைபிடித்து வெளியே இழுத்துக்கொண்டார். அதன் பிறகுதான், வெளியே நின்றபடி, ஷட்டரை முழுவதும் இறக்கினார்.